ராமேஸ்வரத்தில் 'இலவச' ரிசார்ட் தங்கல்: போகலாமா, வேண்டாமா?

"வாழ்த்துகள் சார், ராமேஸ்வரத்தில் ரெண்டு ராத்திரி இலவசம்" என்று போன் வந்தால், அது பெரும்பாலும் வருடாவருடம் ரிசார்ட்டில் தங்கும் மெம்பர்ஷிப்பை (டைம்ஷேர்) மீட்டிங் வைத்து விற்கத்தான். முதலில் கேட்க வேண்டியது: மீட்டிங் எத்தனை மணி நேரம், கணவன் மனைவி இருவரும் கட்டாயம் வரணுமா, வராவிட்டால் ரூமுக்கு முழு வாடகை பிடிப்பார்களா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு செல்லாது.

அதே தேதிக்கு மண்டபம், பாம்பன் பக்கம் சாதாரண லாட்ஜ் வாடகையைப் பாருங்கள். அதில் ரிசார்ட்டில் கட்டும் வரி, சாப்பாடு கழித்து மிச்சம் ஆயிரம் ரூபாய்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நேரம்தான் பெரிய செலவு. ஒன்றரை மணி நேர மீட்டிங் என்பது மூன்று மணி நேரமாக இழுக்கும். காலையில் வைத்தால் 22 தீர்த்தம் போச்சு. மாலையில் வைத்தால் தனுஷ்கோடி போச்சு, இருட்டினால் அங்கே விடமாட்டார்கள். கோயில் நடை சாத்தும் மதிய நேரத்தைக் கேளுங்கள்.

மீட்டிங் உள்ளே போனதும் கணக்கைப் போடுங்கள். உதாரணமாக மெம்பர்ஷிப் 4 லட்சம், 25 வருடம், வருடத்துக்கு 7 ராத்திரி என்றால் 175 ராத்திரி. ஒன்றுக்கு 2,286 ரூபாய். வருடப் பராமரிப்பு 18,000 என்றால் இன்னும் 2,571. ஆக 4,857, சாப்பாடு தனி. பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், போகாத வருடமும் கட்டணும். மே மாத விடுமுறையில் ரூம் கிடைக்குமா என்பதை மேனேஜர் சிரித்தே மழுப்புவார்.

"இன்னைக்கு மட்டும்" தள்ளுபடிக்கு மயங்காதீர்கள். கிரெடிட் கார்டை ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள். டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரம்கூடத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. சிக்கினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.