மே தின அட்டையில் தமிழ் வரி படும் பாடு

சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்காவில் ஒரு மே தினக் கூட்டம். எனக்கு முன்னால் நின்றவரின் முழக்க அட்டையில் ஆங்கிலம், சீனம், மலாய் எல்லாம் பளிச். அடியில் தமிழ். ‘வேலை’ என்று எழுத நினைத்திருக்கிறார்கள். ‘வலே’ என்று வந்து, ஐகாரக் கொம்பு மட்டும் கடைசியில் அநாதையாக நின்றது. தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான். அச்சுக்குப் போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்திருக்கலாம்.

பிழையில்லாத தமிழும் பல நேரம் வாய் திறப்பதில்லை. ‘நியாயமான ஊதியத்தை உறுதிசெய்க’ என்பது சுற்றறிக்கை. உணவங்காடியில் தட்டு எடுக்கும் அக்காவைக் கேளுங்கள்: “எல்லாம் விலை ஏறுது, சம்பளம் மட்டும் ஏறல.” அதையே எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள். மேலே கொக்கி, கீழே சுழி என்று விரியும் எழுத்து நம்முடையது. வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் வேண்டும். அப்புறம், மழையில் கரையும் மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம்.

‘குறைந்தபட்ச சம்பளத்தைக் கூட்டு’ என்று போட்டால் “எதை?” என்று ஒரே சொல்லில் மடக்கிவிடுவார்கள். இங்கே எல்லாருக்கும் பொதுவாக அப்படி ஒன்று இல்லை. துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளில் படிப்படியாக உயரும் சம்பள முறை உண்டு. வெளிநாட்டு ஊழியர் அதில் சேர்த்தி இல்லை. தொகை எழுதினால் தேதியும் சேருங்கள்: உள்ளூர்த் தகுதிச் சம்பளம் (வெளிநாட்டு ஊழியரை வைத்திருக்கும் நிறுவனம் முழுநேர உள்ளூர் ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம்) 1,400 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 1,600 ஆனது 2024 ஜூலையில்.

சரி, சட்டம். ஹோங் லிம் பூங்காவில் உள்ள பேச்சாளர் முனையில் சிங்கப்பூரர் ஆர்ப்பாட்டம் நடத்தத் தேசியப் பூங்காக் கழகத்தில் பதிய வேண்டும். வேறு பொது இடத்தில் ஒரே ஆள் அட்டையோடு நின்றாலும் பொது ஒழுங்குச் சட்டப்படி அது கூட்டம்தான், காவல்துறை அனுமதி வேண்டும். அடுக்குமாடி புளோக் சுவரில் அனுமதியின்றி ஒட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. அழியாத சாயத்தால் எழுதினால் பிரம்படியும் சேரலாம்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, அட்டைக்குப் படம் வரைந்து கொடுத்த, வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதித் தம்பியை “சும்மா வந்து பாரு” என்று கூப்பிடுவது. அனுமதியில்லாத வெளிநாட்டவர் பேச்சாளர் முனையில் வேடிக்கை பார்க்க நின்றாலும் சிக்கல். போவது அவருடைய வேலை அனுமதி. படத்தை மட்டும் வாங்கி வாருங்கள், ஓரத்தில் அவர் பெயர் வேண்டாம். கூட்டம் முடிந்ததும் அட்டையின் புகைப்படத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.