வெளிநாட்டில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வாரச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிற மாதிரியே ஒரு வருட வெளிநாட்டு வாழ்க்கைக்கும் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். பெட்டி, டிக்கெட், முதல் வாரத்துக்கு ஒரு அறை, அவ்வளவுதான் ஏற்பாடு. இரண்டு வாரம் என்றால் பல்வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், வங்கி வேலையைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம், தனிமை தலைகாட்டுவதற்குள் விமானம் ஏறிவிடலாம். மாதக்கணக்கில் இருக்கப் போகிறவருக்கு இதில் எதையும் தள்ளிப்போட வழியில்லை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, வாழப் போகிறோம் என்பதை மறந்து சுற்றிப் பார்க்கப் போகிறவர் மாதிரி யோசிப்பதால்தான் வருகின்றன.

முதலில் விசா நாள் கணக்கு, ஏனென்றால் இதில் சறுக்கினால் அபராதம், நாட்டுக்குள் நுழையத் தடை என்று பின்னாலேயே வரும். தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன் பகுதி, அதில் 29 நாடுகள் இருக்கின்றன. குறுகிய காலம் தங்குகிறவர்கள் எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் அங்கே இருந்திருக்கக் கூடாது. ‘மூன்று மாதம் ஆனதும் ஒரு வாரம் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்’ என்று பலர் நம்புகிறார்கள். தொடங்காது. சாதாரண ஆண்டில் ஜனவரி 1 நுழைந்து மார்ச் 31 வெளியேறினால் 90 நாளும் தீர்ந்தது, ஏனென்றால் நுழைகிற நாளும் வெளியேறுகிற நாளும் கணக்கில் சேரும். மறுபடி உள்ளே போக ஜூன் 30 வரை காத்திருக்க வேண்டும். பிரான்ஸிலிருந்து இத்தாலிக்கு மாறினாலும் ஓடுவது அதே கணக்குதான். பாஸ்போர்ட்டில் விழும் மங்கலான முத்திரையை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியமும் இனி உதவாது. 2025 அக்டோபர் 12 முதல் விரல்ரேகை, முகப்படத்தோடு நுழைவையும் வெளியேறுதலையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

விசா கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பது அடுத்த தவறு. தங்க அனுமதி, வேலை செய்ய அனுமதி, வரி மூன்றும் வேறு வேறு. ‘சம்பளம் வேறு நாட்டிலிருந்துதானே வருகிறது, லேப்டாப்பில் வேலை செய்தால் யாருக்கு என்ன’ என்ற வாதம் எல்லா நாட்டிலும் எடுபடாது. எஸ்டோனியா 2020-இல் இப்படி வேலை செய்பவர்களுக்கென்றே தனி விசா கொண்டுவந்தது, அப்புறம் போர்ச்சுகல், ஸ்பெயின் என்று வரிசையாக வந்தன. அந்த வழி இருக்கும்போது சுற்றுலா விசாவை நீட்டி நீட்டி ஓட்டுவது தேவையில்லாத ஆபத்து. வரியிலும் அப்படித்தான். ஒரு வருடத்தில் 183 நாள் இருந்தால் வரி கட்ட வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி, ஆனால் அதற்குக் குறைவாக இருந்தாலே தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. வீடு எங்கே, குடும்பம் எங்கே என்பதையும் சில நாடுகள் பார்க்கும்.

அப்புறம் கைபேசி எண். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஆளை முடக்கிப்போடுவது இதுதான். பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும். அந்த எண்ணுக்குத்தான் வங்கியின் ஓடிபி வரும். புது நாட்டில் கார்டு போட்டதும் சந்தேகத்தில் வங்கி அதை முடக்கும், திறக்க ஓடிபி கேட்கும், எண்ணை மாற்றவும் அதே பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பும், இல்லையென்றால் கிளைக்கு நேரில் வரச் சொல்லும். கிளம்புவதற்கு முன்பே அந்த எண் வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வாங்குமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், இரண்டாவது வங்கியில் ஒரு கார்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்றவை செல்லுபடியாக, அவை உண்மையான அரசு ஆவணங்கள்தான் என்று சான்று சொல்லும் அப்போஸ்டில் முத்திரையைப் பல நாடுகளில் கேட்பார்கள். 1961 ஹேக் ஒப்பந்தத்தின்படி வரும் அந்த முத்திரையை, ஆவணம் கொடுத்த நாட்டில்தான் வாங்க முடியும். போய்ச் சேர்ந்த பிறகு இது தெரியவந்தால் அலைச்சலுக்கு அளவே இருக்காது. காப்பீட்டிலும் எது சேராது என்ற பகுதியை முதலில் படியுங்கள். இரு சக்கர வாகன உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விழுந்தால் பெரும்பாலும் ஒரு பைசா வராது.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் மனசு விஷயத்தில் தடுமாறுகிறார்கள், எனக்கு இதுதான் இருப்பதிலேயே முக்கியமாகப் படுகிறது. மானுடவியலாளர் காலெர்வோ ஓபெர்க் 1960-இல் கலாச்சார அதிர்ச்சி பற்றி எழுதிய கட்டுரையில், புது நாட்டின் மேல் வருகிற ஆரம்ப மயக்கம் சில நாள் முதல் ஆறு மாதம் வரை நீடிக்கலாம் என்கிறார். அதற்குப் பிறகு எரிச்சல் வரும். எப்போது கைகுலுக்க வேண்டும், யார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று யோசிக்காமலே நமக்குத் தெரிந்த அடையாளங்கள் எல்லாம் அங்கே இல்லாமல் போவதே காரணம். சின்னத் தாமதத்துக்குக் கோபம் பொங்குவதையும், குடிதண்ணீர் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுவதையும்கூட அவர் அறிகுறிகளாகக் குறிப்பிடுகிறார். இது தெரியாதவர், மூன்றாம் மாதம் எரிச்சல் வந்ததும் ‘இந்த நாடே சரியில்லை’ என்று முடிவுகட்டி அடுத்த நாட்டுக்கு டிக்கெட் போடுகிறார். அங்கேயும் மயக்கம், மறுபடி எரிச்சல், மறுபடி டிக்கெட்! தயவுசெய்து அந்த நேரத்தில் இடம் மாறாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைப் பார்க்கிற மாதிரி ஒரு மொழி வகுப்போ விளையாட்டோ பிடித்துக்கொண்டு, கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள். பெரிய சாகசத்தைவிட, பேர் தெரிந்து கூப்பிடுகிற இரண்டு பேர் இருப்பது அப்போது அதிகம் உதவும்.

திரும்புவதைப் பற்றி யோசிக்காமல் கிளம்புவதும் தவறுதான். நாம் இல்லாதபோது நண்பர்களின் வாழ்க்கை நகர்ந்திருக்கும், நம் கதைகளைக் கேட்க அவர்களுக்கு ஒரு மாலைக்கு மேல் பொறுமை இருக்காது, அதில் வருத்தப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் வேலையும் வீடும் அமையச் சில மாதம் ஆகும். அந்த மாதங்களுக்கான செலவைப் பயணப் பணத்தோடு சேர்க்காமல் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அந்தக் கார்டை எடுத்துக்கொள்ளாமலே கிளம்புங்கள்.