மதுரையில இருந்து கீழக்கரைப் பக்கம்: தனி கார், ஊர்க்கார கைடு, ஒரு நாள்

மதுரையில யார்கிட்டயாவது ராம்நாடு பக்கம் ஒரு நாள் போயிட்டு வரலாமான்னு கேட்டுப் பாருங்க, உடனே ராமேஸ்வரம், தீர்த்தம், பாம்பன் பாலம், தனுஷ்கோடின்னு ஆரம்பிச்சிருவாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ரோட்டுலயே போற வழியில ராமநாதபுரம் அரண்மனையும், வலது கைப்பக்கம் திரும்புனா பழைய முஸ்லிம் கப்பல் வியாபாரிங்க ஊரான கீழக்கரையும், இடது கைப்பக்கம் நம்ம வைகை கடல்ல சேர்ற இடமும் இருக்கு, இதைப் பூரா தாண்டித்தான் நாம வருசாவருசம் போயிட்டு வர்றோம். நான் இது வரைக்கும் நாலு தடவை சொந்தக்காரங்க, கூட்டாளிங்கன்னு கூட்டிட்டுப் போயிருக்கேன், அதுல கத்துக்கிட்டதை வச்சு எப்படி ஏற்பாடு பண்ணணும்னு சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். காரையும் கைடையும் ஒரே ஆள்கிட்ட பேசாதீங்க. என் முதல் ட்ரிப்புல ஒரு டிராவல்ஸ்ல "கைடோட சேர்த்துத்தான் சார் ரேட்டு"ன்னு சொன்னாங்க, நம்பிட்டோம். காலைல வந்து நின்னது டிரைவர் மட்டும்தான், கைடு எங்க தம்பின்னு கேட்டா நான்தான்ணேன்னு சொல்றாப்ல. பாவம் அந்தப் பையன் நல்ல ஓட்டுநர், ரோடு அத்துப்படி, ஆனா கீழக்கரைக்குள்ள அவர் ஒரு நாளும் வண்டியை விட்டு இறங்கினதே இல்ல. அன்னைக்கு நாங்க ஒரு பள்ளிவாசல வெளிய நின்னு பார்த்துட்டு, ரெண்டு சங்குக் கடையில நிப்பாட்டிட்டு, சாயங்காலம் வீடு திரும்பினோம். அதுக்கப்புறம் கார் மதுரையில, கைடு அந்த ஊர்லன்னு பிரிச்சுக்கிட்டேன்.

கார் பேசுறது சுலபம். மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம், பெரியார் பக்கம் எங்க விசாரிச்சாலும் கிடைக்கும். வெளியூர் வண்டின்னா கிலோமீட்டர் கணக்குத்தான், பெரும்பாலும் ஒரு நாளைக்கு குறைஞ்சது 250 கிலோமீட்டர்னு வச்சுத்தான் போடுவாங்க, நம்ம இந்த ரவுண்டு எப்படியும் அதைத் தாண்டும், அதனால மினிமம் பத்தி பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். கேக்க வேண்டியது வேற: டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல் யாரு கட்டுறது (திருப்பாச்சேத்தி, போகலூர்னு ரெண்டு இடத்துல போறப்ப வர்றப்ப கட்டணும்), கிலோமீட்டர் அவங்க ஷெட்ல இருந்து ஓடுமா நம்ம வீட்டுல இருந்து ஓடுமா, ராத்திரி 12 மணி தாண்டினா அடுத்த நாள் வாடகை போடுவாங்களா. இதெல்லாத்தையும் வாட்ஸாப்ல ஒரு மெசேஜா வாங்கி வச்சுக்கோங்க. அப்புறம் ஏசி வண்டியா பாருங்க, ராம்நாடு வெயில் நம்ம மதுரை வெயிலுக்கு அண்ணன்.

கைடுதான் இந்த ட்ரிப்போட உசுரு. மதுரையில மீனாட்சி கோயிலுக்கு லைசென்ஸ் வச்ச கைடுங்க நல்லாச் சொல்வாங்க, ஆனா கீழக்கரை சந்துக்குள்ள உங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு கீழக்கரை ஆளுதான் வேணும். அந்த ஊர்ல வீட்டுக் கதவு தட்டிக் கூப்பிடற உரிமை இருக்கிற ஒருத்தர். எப்படிப் பிடிக்கிறது? மதுரையில கீழக்கரைக்காரங்க வியாபாரம் பார்க்கிறாங்க, படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க, உங்க ஆபீஸ்ல, காலேஜ்ல கேட்டீங்கன்னா ரெண்டு பேரைத் தாண்டி மூணாவது ஆள் கண்டிப்பா அந்த ஊரா இருப்பார். அவங்க மூலமா ஒரு ரிட்டயர்டு வாத்தியார், இல்ல ஊர் வரலாறுல ஆர்வம் இருக்கிற ஒருத்தர். எனக்குக் கிடைச்சது ஒரு தமிழ் வாத்தியார், அவரை எல்லாரும் காக்கான்னு கூப்பிட்டாங்க, அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க, ரெண்டு மணி நேரத்துல எங்க வீட்டுப் பிள்ளைகளும் காக்கா காக்கான்னு பின்னாடியே சுத்துச்சுங்க.

போன்ல பேசும்போதே காசைப் பேசிருங்க. அவங்க "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி"ன்னுதான் சொல்வாங்க, பெரியவங்க கேக்கக் கூச்சப்படுவாங்க, அதை சாக்கா வச்சு கடைசியில ஒரு பொன்னாடையப் போத்திட்டு வந்துராதீங்க. அவர் நம்மளுக்காக ஒரு முழு நாளைக் குடுக்கிறார், ஒரு நாள் சம்பளம் மாதிரி நினைச்சு முன்னாடியே தொகையைச் சொல்லி கவர்ல போட்டுக் குடுங்க. இன்னொண்ணும் சொல்லிருங்க, எத்தனை பேர் வர்றோம், வயசானவங்க யாராவது உண்டா, எவ்வளவு தூரம் நடப்பாங்க, பெண்கள் பள்ளிவாசல எது வரைக்கும் போய்ப் பார்க்கலாம். கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு பள்ளியிலயும் பதில் வேற வேறயா இருக்கும், அங்க போய் வாசல்ல நின்னு சங்கடப்படறதை விட முன்னாடியே தெரிஞ்சுக்கிறது நல்லது.

எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். ஜும்மா நாள், ஊரே தொழுகைக்கு நிக்கும், நாம குறுக்க நெடுக்க நடக்கக் கூடாது. அரசு மியூசியங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விடற வழக்கமும் நம்ம ஊர்ல உண்டு, அரண்மனைக்கு ஒரு வார்த்தை போன் போட்டுக் கேட்டுக்கோங்க. நோன்பு மாசத்துல போகலாம், ஆனா பகல் சாப்பாட்டை ராமநாதபுரத்துலயே முடிச்சிட்டுப் போங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்னைக்கு அந்த ரோட்டுப் பக்கமே தலை வைக்காதீங்க, ராமேஸ்வரம் கூட்டம் பூரா அதுலதான் போகும்.

கிளம்புறது ஆறரைக்கு. விரகனூர் ரிங் ரோடு தாண்டி நேரா பரமக்குடி, அங்க டிபன், ஒன்பதரை பத்துக்கெல்லாம் ராமநாதபுரம். மதுரையில இருந்து ஏறக்குறைய 115 கிலோமீட்டர்தான். போற வழியில கீழடி வரும், அதையும் எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு வீட்டுல யாராவது சொல்வாங்க, வேண்டாம், கீழடி மியூசியத்துக்குத் தனியா ஒரு நாள் வேணும். முந்தின வாரமே போய்ட்டு வந்துட்டீங்கன்னா இன்னும் நல்லது, ஏன்னு கடைசியில சொல்றேன்.

கீழக்கரை கைடை ராமநாதபுரம் வந்து ஏறச் சொல்லுங்க, அங்க இருந்து கீழக்கரை பதினேழு பதினெட்டு கிலோமீட்டர், பஸ்ஸுக்கு வந்துருவார். ஏன்னா அரண்மனையும் கீழக்கரையும் ரெண்டு கதை இல்ல, ஒரே கதை. அரண்மனைக்குள்ள ராமலிங்க விலாசம்னு ஒரு மண்டபம், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் கொலு இருந்த இடம். உள்ள நுழைஞ்சதும் கண்ணு பழக ரெண்டு நிமிஷம் ஆகும், அவசரப்படாம நில்லுங்க. அப்புறம் பாருங்க, சுவரு, தூணு, விதானம்னு எங்க பார்த்தாலும் ஓவியம். 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துல வரைஞ்சது. ராமாயணம், பாகவதம் ஒரு பக்கம், ராஜராஜேஸ்வரி அம்மன் கையில இருந்து சேதுபதி செங்கோல் வாங்குறது ஒரு பக்கம், தஞ்சாவூர் மராட்டியர் கூட நடந்த சண்டை ஒரு பக்கம். கடல் கதை வேணும்னா தொப்பி வச்ச வெள்ளைக்காரங்களை சேதுபதி சந்திக்கிற காட்சியைத் தேடச் சொல்லுங்க. எங்க சின்னவ அதைத்தான் முதல்ல கண்டுபிடிச்சா, அந்த ஆளுங்களோட இறுக்கமான உடுப்பும் சேதுபதியோட மெல்லிசு துணியும் பக்கத்துப் பக்கத்துல, யாரு வெக்கைக்கு வந்து மாட்டிக்கிட்டவங்கன்னு பார்த்தவுடனே தெரியுது. ஒரு மணி நேரம் இங்க குடுங்க, குறைக்காதீங்க, பெயிண்டிங் மேல மட்டும் கை வைக்காதீங்க, பிளாஷ் போடாதீங்க.

அங்க இருந்து திருப்புல்லாணி வழியா கீழக்கரை. கார்ல வச்சே காக்கா கதையை ஆரம்பிச்சிட்டார். கிழவன் சேதுபதின்னு சொல்றோமே, அவருக்கு நெருங்கின கூட்டாளி கீழக்கரை மரைக்காயர் ஒருத்தர், கப்பல் வியாபாரி, அப்துல் காதிர்னு பேரு, நம்ம வாயில சீதக்காதி. சேதுபதி தன் குடும்பப் பட்டமான விஜய ரகுநாதங்கிறதையே அவர் பேருக்கு முன்னாடி வச்சுக்கக் குடுத்தார், விஜய ரகுநாத பெரியதம்பி மரைக்காயர்னு. சீறாப்புராணம் பாடின உமறுப் புலவரை ஆதரிச்சதும் இவர்தான். இப்ப அரண்மனையைப் பார்த்துட்டு வந்த கண்ணோட அந்தப் பேரைக் கேட்கும்போது எப்படி இருக்குன்னு பாருங்க.

கீழக்கரையில காரை வெளியவே விட்டுருங்க, உள்ள தெருவெல்லாம் கார் திரும்புற அகலம் இல்ல. பழைய ஜும்மா பள்ளி ஒண்ணு, ஊர்க்காரங்க அதை நபி காலத்தோட சேர்த்துச் சொல்வாங்க. நடுத்தெருவுல சீதக்காதி காலத்துப் பள்ளி ஒண்ணு, முழுக்கக் கல்லு. செருப்பை விட்டுட்டு, கால் கழுவிட்டு உள்ள போனதும் காக்கா எங்களை ஒரு தூண்கிட்ட நிப்பாட்டி "தொட்டுப் பாருங்க"ன்னார். குளுகுளுன்னு இருந்துச்சு. நம்ம மீனாட்சி கோயில் மண்டபத்துல பார்க்கிற அதே மாதிரி வேலைப்பாடு, பூவு, கொடி, ஆனா எங்கயும் ஒரு உருவம் கிடையாது. யாளி நிக்க வேண்டிய இடத்துல வெறும் கொடி சுத்திக்கிட்டுப் போகுது. கோயில் செதுக்கத் தெரிஞ்ச கைதான் இதையும் செதுக்கியிருக்கணும்னு அவர் சொன்னார், எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. பக்கத்துலயே சீதக்காதி அடக்கமான இடம். அவர் செத்த பிறகு ஒரு புலவர் வந்து அழுது பாடினதாகவும், கபுருக்குள்ள இருந்து மோதிரம் போட்ட கை வெளிய நீண்டதாகவும் ஒரு கதை, அதுல இருந்துதான் செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு வந்துச்சுன்னு சொல்வாங்க. சின்ன வயசுல இருந்து கேட்ட சொல்லு, அந்த இடத்துலயே நின்னு கேக்குறப்ப எங்க அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

பள்ளிக்கு லுஹர்ங்கிற மதியத் தொழுகைக்கு முன்னாடியே போயிட்டு வந்துருங்க, பாங்கு சொல்லிட்டாங்கன்னா வெளிய வந்து ஒரு ஓரமா உட்காருங்க. முழங்கால் தெரியற மாதிரி டிராயர், கை இல்லாத உடுப்பு வேண்டாம், ஆம்பளைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். தெருவுல பெண்களை, வீட்டு முற்றத்தை எல்லாம் கேக்காம போட்டோ எடுக்காதீங்க. கைடு ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனார்னா அது டூர் ஐட்டம் இல்ல, விருந்தாளியாப் போறீங்க, கையில கொஞ்சம் பழமாவது வாங்கிட்டுப் போங்க.

அந்த ஊர்ல தொதல்னு ஒரு இனிப்பு, அரிசி மாவு, தேங்காப்பால், கருப்பட்டி போட்டுக் கிண்டுறது. கிண்டுற இடத்தையே பார்க்கணும்னு முந்தின நாளே கைடுகிட்ட சொல்லி வைங்க. பெரிய சட்டி, விறகு அடுப்பு, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மணிக்கணக்கா கிண்டிக்கிட்டே இருக்காங்க, கை நின்னா அடி பிடிச்சிரும். முதல்ல பழுப்பா இருக்கிறது பைய கறுத்துக்கிட்டே வந்து, தேங்காப்பால்ல இருக்கிற எண்ணெய் ஓரத்துல பிரிஞ்சு பளபளன்னு வரும், கரண்டியைத் தூக்கினா மொத்தமா சுருண்டு வரும், அதுதான் பதம். சூட்டோட ஒரு விள்ளல் வாங்கிச் சாப்பிடுங்க. மதியம் கைடு, டிரைவர் எல்லாரும் ஒரே மேசையில உட்கார்ந்து நெய்சோறு, மீன், வட்டிலப்பம் கிடைச்சா அதுவும்.

மூணு மணிக்குக் கிளம்புனா பெரியபட்டினம் வழி. வண்டியை நிறுத்திப் பார்க்க பெரிசா கட்டடம் இல்ல, ஆனா இங்க தோண்டினப்ப சீனப் பீங்கான் ஓடு நிறைய கிடைச்சுது, சீனக் கப்பல் சரக்கு வந்து இறங்கின துறை. கைடு இதைச் சொல்லிக்கிட்டே வரட்டும், கால் மணி நேரம் போதும். தேவிபட்டினம் நவபாஷாணம் ராமநாதபுரத்துக்கு வடக்க இருக்கு, வழிபாட்டுக்குப் போறவங்க இன்னொரு நாள் காலைல போறதுதான் சரி, இதுல சேர்த்தா எல்லாமே ஓட்டமாயிரும்.

கடைசியா அழகன்குளம், அதை ஒட்டி ஆற்றங்கரை. இதை மட்டும் மதுரைக்காரங்க யாரும் விடக் கூடாது. அழகன்குளத்துல தொல்லியல் துறை தோண்டினப்ப ரோமானியக் காசு, கப்பல் படம் கீறின பானை ஓடெல்லாம் கிடைச்சுது. குழியெல்லாம் மூடியாச்சு, கண்ணுக்கு மேடும் பனையும்தான் தெரியும், அதனால கீழடி மியூசியத்தை முன்னாடியே பார்த்துட்டு வாங்கன்னு சொன்னேன், ஓடு எப்படி இருக்கும், கீறல் எப்படி இருக்கும்னு மனசுல இருக்கும். அங்க இருந்து கொஞ்ச தூரம் போனா வைகை கடல்ல சேர்ற இடம். நாம ஏவி பாலத்துல நின்னு தண்ணி வந்திருக்கான்னு எட்டிப் பார்க்கிற அதே ஆறு. தண்ணி பெரும்பாலும் அது வரைக்கும் வர்றதே இல்ல, கடல்தான் உள்ள ஏறி நிக்குது, ஓரத்துல வள்ளம் கட்டியிருக்கும், வலை காயும். எங்க அப்பா செருப்பைக் கழட்டி வச்சுட்டு கணுக்கால் அளவு தண்ணியில இறங்கி நின்னார், ஒண்ணுமே பேசல, நாங்களும் கூப்பிடல.

இருட்டுறதுக்குள்ள அங்க இருந்து எடுங்க, அஞ்சரைக்குள்ள. கைடை ராமநாதபுரத்துல பஸ் ஏத்தி விடாம, நேரம் இருந்தா வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு போய் விடுங்க, போக வர ஒரு மணி நேரம் கூடும், அதை முன்னாடியே டிரைவர்கிட்ட சொல்லி வச்சிருங்க. கவரை அங்க வச்சுக் குடுங்க. ஒன்பது மணிக்கெல்லாம் மதுரை. எடுத்த போட்டோவுல அவர் இருக்கிறதா ரெண்டு மூணு பிரிண்ட் போட்டு அனுப்பி வைங்க, அடுத்த தடவை நீங்க போன் போட்டா அவரே தேதி சொல்வார்.