மலாவி கிராமத்துக்கு ஹெல்த் வாலண்டியரா போறவங்களுக்கு

ஆப்பிரிக்கா போறேன்னு சொன்னதும் எல்லாரும் கொசுவலை வாங்கிட்டியா டார்ச் வாங்கிட்டியா மாத்திரை எல்லாம் எடுத்துக்கிட்டியான்னுதான் கேப்பாங்க. அதையும் சொல்றேன். ஆனா நான் மலாவில சலிமா மாவட்டத்துல, ஏரிக்கரையை ஒட்டின ஒரு கிராமத்துல ஒரு வருஷம் இருந்துட்டு வந்தவன், என்னைக் கேட்டா முதல் ஒரு மாசம் உங்களுக்கு ரெண்டே வேலைதான். வணக்கம் சொல்றது, காய்ச்சல் வராம பாத்துக்கறது.

வணக்கம்னா சும்மா தலையாட்டிட்டு போறதில்ல. காலைல யாரைப் பாத்தாலும் "ம்வாட்ஸுகா ப்வாஞ்ஜி", அதாவது எப்படி எந்திரிச்சீங்க. அவங்க நல்லா எந்திரிச்சேன், நீங்கன்னு திருப்பிக் கேப்பாங்க, நீங்களும் பதில் சொல்லணும், அதுக்கப்புறம்தான் பேச்சே. மத்தியானத்துக்கு மேல "ம்வாஸ்வேரா ப்வாஞ்ஜி"ன்னு மாறிடும். அவசரத்துல நேரா விஷயத்துக்கு வந்தீங்கன்னா மரியாதை தெரியாத ஆளுன்னு முடிவு பண்ணிடுவாங்க. யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டாதீங்க, வாசல்ல தள்ளி நின்னு "ஓடி"ன்னு குரல் குடுங்க, "ஓடினி"ன்னு பதில் வந்தா உள்ள போகலாம். சின்னப் பசங்க வெள்ளைக்காரங்களைப் பாத்தா "அசுங்கு"ன்னு கத்திட்டு பின்னாடி ஓடுவாங்க, நமக்கு "ம்வென்யே", இந்தியர்னு அர்த்தம். அங்க குஜராத்தி கடைக்காரங்க ரொம்ப நாளா இருக்காங்க, அதனால நான் எந்தக் கடை வெச்சிருக்கேன்னு கேட்டவங்க நிறைய பேர்.

போய்ச் சேந்த முதல் வாரத்துலயே கிராமத் தலைவரைப் போய்ப் பாத்துடுங்க, அங்க ம்ஃபுமுன்னு சொல்லுவாங்க. அவருக்குத் தெரியாம எந்தக் கூட்டமும் போட முடியாது. பொண்ணுங்களா இருந்தா முழங்காலுக்குக் கீழ மறையற மாதிரி சித்தேஞ்சே துணி சுத்திக்கோங்க, நம்ம கைலி மாதிரிதான். முன்னாள் அதிபர் பண்டா ஆட்சில பொம்பளைங்க பேண்ட் போடவே சட்டத்துல தடை இருந்துச்சு, 1994ல அவர் ஆட்சி போயிடுச்சு, இருந்தாலும் கிராமத்துல பழக்கம் இன்னும் அப்படியே இருக்கு.

இப்ப வேலை. நீங்க டாக்டர் இல்ல, அதை மனசுல வெச்சுக்கோங்க. அங்க அரசாங்க சுகாதாரப் பணியாளர் ஒருத்தர் இருப்பார், ஹெச்.எஸ்.ஏ (ஹெல்த் சர்வைலன்ஸ் அசிஸ்டென்ட்)ன்னு சொல்லுவாங்க, நம்ம ஊர் கிராம சுகாதார நர்ஸ் (வி.ஹெச்.என்) மாதிரின்னு வெச்சுக்கலாம். தடுப்பூசி போடறது, அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்கு மலேரியா பேதி நிமோனியா பாத்து மருந்து குடுக்கறது எல்லாம் அவர்தான். நீங்க அவருக்குப் பின்னாடி நிக்கற ஆள். எடை பாக்கற நாள்ல மாமரக் கிளைல ஒரு தராசு தொங்கும், அதுல டவுசர் மாதிரி தச்ச துணிப்பை, உள்ள குழந்தையோட ரெண்டு காலையும் விட்டு மாட்டுவாங்க, அது வீறிட்டு கத்தும், முள் ஆடிட்டே இருக்கும், நிக்கற வரைக்கும் பொறுத்து பாத்து நம்பரை சத்தமா சொல்லணும். எனக்குக் குடுத்த வேலை கையளவு டேப். குழந்தையோட இடது மேல்கைய சுத்தி அளக்கணும், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழன்னா சிவப்பு, அதாவது சத்துக்குறைவு ரொம்ப மோசம், சிபோண்டேன்னு ஒரு வேர்க்கடலை பேஸ்ட் பாக்கெட் குடுக்கற திட்டத்துல சேக்கணும். டேப்பை இறுக்கி இழுத்தா எல்லா குழந்தையும் சிவப்புதான், முதல் நாள் நான் அப்படித்தான் பண்ணேன், ஹெச்.எஸ்.ஏ ஒண்ணும் சொல்லாம என் கைல இருந்து வாங்கி திரும்ப அளந்தார்.

இன்னொரு அசிங்கமும் நடந்துச்சு. கைகழுவறதைப் பத்தி ஒரு கூட்டம், பத்து நாள் முன்னாடியே சொல்லி, படம் எல்லாம் வரைஞ்சு, 9 மணிக்குப் போய் உக்காந்தேன். 10 ஆச்சு 11 ஆச்சு ஒரு ஈ காக்கா இல்ல. எனக்கு ஒரே கோவம், இந்த ஊர்ல யாருக்கும் அக்கறையே இல்லைன்னு புலம்பிட்டே கிளம்புனா, ஒரு பையன் வந்து "அச்சிம்வேனே, மலிரோ"ன்னான். அண்ணே, சாவுன்னு அர்த்தம். ராத்திரி ஒரு பாட்டி தவறிட்டாங்க, ஊரே அங்க இருக்கு, நான் மட்டும் சார்ட் பேப்பரோட மரத்தடில. மலிரோன்னா அன்னைக்கு வயல் வேலை கூட நிக்கும். நேரா அங்க போங்க, ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம் தரைல உக்காந்திருப்பாங்க, நீங்களும் உக்காருங்க, முடிஞ்ச காசை குடும்பத்துக்குக் குடுங்க, பேச வேணாம். அன்னைக்கு நான் போய் உக்காந்தேன், அடுத்த வாரம் கூட்டத்துக்கு இடம் பத்தல.

சாப்பாடு நமக்கு கஷ்டமே இல்ல. என்சிமாங்கறது வெள்ளை மக்காச்சோளத்துல கிண்டுன களிதான், வலது கைல உருட்டி கீரையோ பீன்ஸோ தொட்டு சாப்பிடணும், உசிப்பான்னு ஏரி மீன் நெத்திலி மாதிரியே இருக்கும். பருப்பு மசாலா வேணும்னா லிலோங்வே பழைய டவுன்ல இருக்கற இந்தியக் கடைங்க. ஆனா ஒண்ணு, ஜனவரி பிப்ரவரில போன வருஷ சோளம் தீந்திருக்கும், புது அறுவடை ஏப்ரல் வாக்குலதான், அந்த மாசங்கள்ல சாப்பாட்டு நேரத்துல யார் வீட்டுக்கும் போய் நிக்காதீங்க. தங்களுக்கு இல்லைன்னாலும் உங்களுக்குப் போட்டுடுவாங்க.

உடம்பு விஷயம். மலேரியா தடுப்பு மாத்திரையை டாக்டர் சொன்னபடி விடாம போடுங்க, டாக்ஸிசைக்ளின் மாத்திரை போட்டா வெயில்ல தோல் சீக்கிரம் எரியும், தொப்பி வேணும், ஊருக்குத் திரும்பி வந்தும் 4 வாரம் போடணும், நிறைய பேர் பிளேன் ஏறினதும் நிறுத்திடறாங்க. வலையை மெத்தைக்கு அடில சொருகித்தான் தூங்கணும். காய்ச்சல் அடிச்சா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, விரல்ல குத்தி பாக்கற டெஸ்ட் கால் மணி நேரத்துல சொல்லிடும். ஈரத்துணியை வெளிய காயப்போட்டா புட்சி ஈ அதுல முட்டை வைக்கும், போட்டுக்கிட்டா புழு தோலுக்குள்ள போயிடும், அதனால ஜட்டி வரைக்கும் கரி இஸ்திரிப்பெட்டியால நல்லா தேச்சுட்டுதான் போடணும். சிரிக்காதீங்க, ஒருத்தருக்கு முதுகுல வந்ததைப் பாத்திருக்கேன்.

ஏரில மட்டும் இறங்காதீங்க. கரையோரம் நாணல் இருக்கற இடத்துல நத்தை இருக்கும், அதுல இருந்து பில்ஹார்சியாங்கற புழு நோய் வரும். இறங்கியே தீருவேன்னா ஊருக்கு வந்து 2 மாசம் கழிச்சு டெஸ்ட் எடுங்க, பிராசிகுவான்டெல்னு மாத்திரை, எடைக்கு ஏத்தபடி ஒரே நாள்ல முழுங்கணும், பயங்கர கசப்பு, உடைச்சுட்டு வாயில வெச்சுக்கிட்டே இருந்தா குமட்டும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, அக்டோபர் வெயில் அப்படி.