டெலிகிராமில் படிப்புக் குழு நடத்துவது எப்படி?

குழு தொடங்கியதும், பழைய உரையாடல் புதியவர்களுக்கும் தெரியும்படி அமைப்புகளில் மாற்றுங்கள். இல்லையென்றால் நடுவில் சேர்பவர் விடை சொல்லி முடித்த சந்தேகத்தையே திரும்பக் கேட்பார். குழுவுக்குள் பேச்சைத் தனித்தனியாகப் பிரிக்கும் தலைப்புகள் (Topics) வசதியையும் இயக்குங்கள்: பாடத்துக்கு ஒரு தலைப்பு, அரட்டைக்குத் தனியாக ஒன்று.

பல குழுக்கள் பிடிஎஃப் கிடங்காகிப் படுத்துவிடுகின்றன; அங்கே யாரும் யோசிக்க வேண்டியதில்லையே! தினம் 3 கேள்விகளை வினாடி வினா வாக்கெடுப்பாகப் போடுங்கள். உழைப்பெல்லாம் தவறான விடைகளை அமைப்பதில்தான். 1/2 + 1/3 என்ற கேள்விக்கு 2/5 என்றும் ஒரு விடை வையுங்கள். தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டுபவர்கள் அதைத்தான் தொடுவார்கள்; எத்தனை பேருக்கு அடிப்படை புரியவில்லை என்பது சதவீதத்திலேயே தெரிந்துவிடும். விளக்கப் பெட்டியில் காரணத்தை எழுத மறக்காதீர்கள். வாக்களித்தவர் பெயர் மறைந்தே இருக்கட்டும், கூச்சப்படுபவர்களும் துணிந்து பதில் சொல்வார்கள்.

சந்தேகம் கேட்பவர் தான் போட்டுப் பார்த்த கணக்கின் படத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.