பழைய இசைக்கருவிகளுக்கு அருங்காட்சியகம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மிருதங்கத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டை பலாமரம். வலந்தலை என்ற வலது முகத்திலும் தொப்பி என்ற இடது முகத்திலும் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல். இழுத்துக் கட்டிய வார் எருமைத்தோல். நடுவில் இருக்கும் கரும்புள்ளி, அதாவது கரணை, கிட்டக்கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து தேய்த்தது. ஈரத்துக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். கற்சிலையையும் செப்புக்காசையும் வைத்துப் பழகிய முறையிலேயே இதையும் வைத்தால் சில வருடங்களிலேயே பலன் தெரிந்துவிடும். கோயில், இசைக்கல்லூரி, வித்வான் குடும்பம் என்று யார் இப்படி ஒரு கூடம் தொடங்கினாலும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. ஒரு கருவி ஒலிக்கும் பொருளாகவும் இருக்கிறது, வரலாற்றுச் சாட்சியாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மறந்துபோவதில்தான் அத்தனை தவறுகளும் தொடங்குகின்றன.

"ஒரே ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாமே"

மிகப் பெரிய இழப்புகள் இந்த ஆசையால்தான் நேர்ந்திருக்கின்றன. எகிப்தின் துட்டன்காமன் கல்லறை 1922இல் கண்டுபிடிக்கப்பட்டபோது அங்கே இரண்டு எக்காளங்கள் கிடைத்தன, ஒன்று வெள்ளி, மற்றொன்று செம்புக் கலவை. 1939 ஏப்ரலில் பிபிசி வானொலிக்காக அவற்றைக் கெய்ரோவில் ஊதினார்கள். அதற்கு முன் நடந்த ஒரு சோதனையின்போது, மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய அந்த வெள்ளி எக்காளம் நொறுங்கிப்போனது. ஒட்டிச் சரிசெய்துதான் ஒலிபரப்பு நடந்தது. உலகமே கேட்டது உண்மைதான். ஆனால் இக்காலத்து வாய்ப்பகுதியைப் பொருத்தி ஊதியிருந்ததால், கேட்ட ஒலி எகிப்தியர் கேட்ட ஒலிதானா என்பதே சந்தேகம்.

வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறேன் என்று பழுதுபார்ப்பது இதைவிட மோசம். சேதம் நடந்ததே வெளியில் தெரியாது. பியானோவை உருவாக்கிய பர்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரியின் கையால் செய்த பியானோக்கள் மூன்றுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1720ஆம் ஆண்டுப் பியானோ அவற்றில் மூத்தது. பிற்காலத்தார் அதன் சுர வரிசையையே நகர்த்தியிருக்கிறார்கள். ஒலிப்பலகையை 1938இல் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். இன்று அதை வாசிக்கலாம். ஆனால் 1720இல் அது எப்படி ஒலித்தது என்பதை அதைக் கேட்டு யாராலும் சொல்ல முடியாது.

நம்மூர் வீணைக்கும் இதே ஆபத்து உண்டு. நூறு வயதான ஒரு தஞ்சாவூர் வீணை அன்பளிப்பாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெட்டுகளைத் தாங்கும் மெழுகு வெடித்து, இரண்டு மெட்டு (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டை) விழுந்து, தந்தி துருப்பிடித்திருக்கும். திறப்பு விழாவுக்குள் ரெடியாக வேண்டும் என்று பட்டறைக்கு அனுப்புவார்கள். அங்கே பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, 24 மெட்டையும் கழற்றி, புதிதாக மேளம் வைத்து (அதாவது மெட்டுகளைச் சுரத்தானத்துக்கு ஏற்ப மெழுகில் பதித்து), புதுத் தந்தி கட்டி, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்து அனுப்புவார்கள். பட்டறைக்காரர் மேல் குற்றமே இல்லை. வாசிக்கிறவர் கேட்டால் அவர் செய்ய வேண்டிய வேலை அதுதான். ஆனால் அந்தப் பழைய மெட்டுகள் நின்ற இடம், வாசித்தவர் எந்தச் சுரத்தானத்துக்குக் காதைப் பழக்கியிருந்தார் என்பதைச் சொல்லியிருக்கும். மெட்டின் மேல் தந்தி அறுத்த பள்ளங்கள், அவர் விரல் எங்கே அதிகம் நின்றது என்பதைக் காட்டியிருக்கும். துருப்பிடித்த தந்தியை அளந்தால் எந்தக் கனத்தில், எந்த உலோகத்தில் கட்டினார்கள் என்று தெரிந்திருக்கும். எல்லாம் பட்டறையின் குப்பையோடு போய்விடுகிறது.

துளைக்கருவியில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த நாகஸ்வரத்தை எடுத்து ஊதினால், சூடும் ஈரமுமான மூச்சு பட்டு உட்புற மரம் உப்பும். வெளிப்புறம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில் கடினமான ஆச்சா மரமே ஆனாலும் நீளவாக்கில் விரிசல் விழலாம். போதாததற்கு, பழைய சேகரிப்புகளில் பூச்சி வராமல் இருக்க ஒரு காலத்தில் ஆர்சனிக், பாதரச உப்பு எல்லாம் பூசியிருக்கிறார்கள். வரலாறு தெரியாத கருவியில் வாய் வைப்பது ஊதுபவருக்கும் கேடு.

அப்படியானால் எதையும் ஒலிக்கவே விடக் கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. வயலின் மேதை பாகனினி வாசித்த 1743ஆம் ஆண்டு 'கனோனே' வயலின் இத்தாலியின் ஜெனோவா நகரிடம் இருக்கிறது. தேர்ந்தெடுத்த கலைஞர்களிடம் கண்காணிப்போடு அதை வாசிக்கத் தருகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், அதிபர் மாடிசனுக்காக 1813இல் செய்த படிகப் புல்லாங்குழலை 2022இல் பாடகி லிஸ்ஸோவிடம் கொடுத்து மேடையில் ஊத வைத்தது. இரண்டிலும் முடிவை எடுத்தது அந்தக் கருவியை முழுக்க அறிந்தவர்கள். விழாவுக்கு வந்த விருந்தினர் கேட்டார் என்பதற்காக யாரும் பேழையைத் திறக்கவில்லை. உங்கள் கூடத்திலும் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக முடிவெடுத்து, காரணத்தோடு எழுதி வையுங்கள். மூலப் பாகங்கள் எவ்வளவு மிச்சமிருக்கின்றன, இடைவெளியில்லாமல் வாசிக்கப்பட்டு வந்ததா, அதே போல இன்னொன்று எங்காவது உண்டா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் வாசிக்க வேண்டாம்.

அதற்குப் பதில் நகல் செய்யச் சொல்லுங்கள். இந்த வழி நமக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்களும் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறவர்களும் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் புவிசார் குறியீடும் உண்டு. பழைய கருவியை அளவெடுத்து அவர்கள் கையால் நகல் செய்துவிட்டால், பள்ளிப் பிள்ளைகள் தட்டலாம், ஊதலாம், மீட்டலாம். மூலக் கருவியைப் பார்வையாளர் கைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திப்புவின் புலி ஒன்றே போதும். வயிற்றுக்குள் ஆர்கன் வைத்த அந்த மரப்புலியை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் வைத்திருந்தபோது, வந்தவர் போனவர் எல்லாம் கைப்பிடியைச் சுற்றி உறும விட்டார்கள். பக்கத்தில் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் நொந்துபோனார்கள். கடைசியில் அந்தக் கைப்பிடியே காணாமல் போனது.

ஒலியே இல்லாத கூடம்

இது எதிர்த்திசையில் நடக்கும் தவறு. கண்ணாடிக்குள் வரிசையாகக் கருவிகள், சுற்றிலும் நிசப்தம். மகர யாழ் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு, எப்படி ஒலிக்கும் என்று தெரியாமலே பிள்ளைகள் திரும்பிப் போகிறார்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் 2010இல் திறந்த இசைக்கருவி அருங்காட்சியகத்தில் பார்வையாளர் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிறார். எந்தப் பேழை முன்னால் நிற்கிறாரோ அந்த இசை தானாகக் கேட்கிறது. அவ்வளவு செலவு வேண்டியதில்லை. பேழைக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீடும் ஒரு நிமிடப் பதிவும் இருந்தால்கூடப் போதும். ஆனால் எந்தக் கருவியில், யார், எப்போது வாசித்த பதிவு என்று தெளிவாக எழுதுங்கள். மைக் பொருத்திய இன்றைய வீணையின் ஒலியைப் பழைய வீணைக்கு முன்னால் பேசாமல் ஓடவிடுவது கேட்பவரை ஏமாற்றுவதாகும்.

பகலில் ஏசி, இரவில் ஆஃப்

அலுவலக நேரத்தில் ஏசி ஓடும். ஆறு மணிக்கு நிறுத்துவார்கள். மின்கட்டணம் மிச்சம், மனிதர்களுக்கும் வசதி. மரத்துக்கும் தோலுக்கும் இதைவிடக் கெட்டது எதுவும் இல்லை. கடலோர ஊரில் பகலில் 45 விழுக்காடு ஈரப்பதம், இரவில் 75 என்று தினமும் ஏறி இறங்கினால், பலகை தினமும் சுருங்கி விரிகிறது. வீணையில் குடமும் தண்டியும் சேரும் இடத்தில் முதலில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அடுத்த கோடையில் அதில் நகம் நுழையும். இழுத்துக் கட்டிய தோலோ காய்ந்த நேரத்தில் இறுகி, விளிம்பில் கிழியும்.

அருங்காட்சியகங்கள் இப்போது பொதுவாக ஏற்றுக்கொள்ளும் அளவு, 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம், 16 முதல் 25 டிகிரி வெப்பம், ஒரு நாளைக்குள் ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கம் 10 விழுக்காட்டுக்குள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ அந்த அளவை ஒரு சிறிய கூடம் எட்டுவது கஷ்டம்தான். எட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஊசலாட்டத்தைக் குறையுங்கள். 60ஐ ஒட்டி அசையாமல் நிற்கும் ஒரு உள்ளறை, பகலில் மட்டும் குளிரும் அறையைவிட எவ்வளவோ மேல். 65ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சை வரும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தடித்த சுவர், காற்றுப்புகாத பேழை, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதத்தைப் பதிவுசெய்யும் ஒரு சிறு கருவி, இவ்வளவும் சேர்த்தாலும் ஒரு ஏசியின் ஓராண்டுச் செலவைத் தாண்டாத சிறு இடங்கள் உண்டு.

விளக்கும் கவனிக்க வேண்டிய விஷயம். வீணையின் மெட்டுகள் நிற்பது கரித்தூள் கலந்த மெழுகில். சூடு கக்கும் ஸ்பாட் லைட்டை நேர் மேலே தொங்கவிட்டால் மெழுகு இளகி, மெட்டு மெல்லச் சாயும். எல்இடி விளக்கை, பேழைக்கு வெளியே வையுங்கள். சாயம் பூசிய தோலுக்கும் துணி உறைக்கும் 50 லக்ஸ் வெளிச்சம் போதும்.

தந்தியையும் மறந்துவிடாதீர்கள். முழுச் சுருதியில் ஏற்றி வைத்த தந்தி இருபத்து நான்கு மணி நேரமும் மரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றவும் கூடாது. வயலினில் மொத்தமாகத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் குச்சி சாய்ந்துவிடும். பிரடையை (தந்தியை முறுக்கும் ஆணியை)த் திருப்பி, தந்தி தொய்யாமல் நிற்கும் அளவுக்கு இறக்கினால் போதும்.

பூச்சி, புளி, பூஜை

தோலைத் தின்னும் வண்டு வேறு, மரத்தை உளுக்க வைக்கும் வண்டு வேறு. கரணையில் சோறு இருப்பதால் அதைத் தேடி வருபவை வேறு. கருவியின் அடியில் மாவு போல மெல்லிய தூள் விழுந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதனால் கருவிகளுக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து, மாதம் ஒருமுறை பாருங்கள். புதிதாக வரும் கருவியைச் சில வாரங்கள் தனியறையில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். பேழைக்குள் பாச்சை உருண்டை போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ஊழியர் நுரையீரலுக்கும் நல்லதில்லை, சில மேற்பூச்சுகளையும் இளக்கும். பூச்சி விழுந்த கருவியை ஆக்ஸிஜன் இல்லாத பைக்குள் சில வாரம் அடைத்து வைத்தால், மருந்தே இல்லாமல் பூச்சி சாகும். இதைப் பாதுகாப்பு வல்லுநர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

கொம்பு, எக்காளம், சேகண்டி, தாளம் எதையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகத்தின் மேல்தோல் கொஞ்சம் போகும். விளிம்பில் பொறித்த உபயதாரர் பெயர் மழுங்கி, ஒருநாள் படிக்கவே முடியாமல் போகும். வெறுங்கையால் தொடுவதும் கூடாது, வியர்வை உப்பு பித்தளையில் ரேகையாகவே பதிந்துவிடும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை மெருகேறிய மரத்தில் வழுக்கும்.

சரஸ்வதி பூஜையன்று கருவிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை சாத்துவது நமக்குப் பெரிய மரியாதை. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. நகல் கருவிக்குச் செய்யுங்கள், அல்லது பேழைக்கு முன்னால் செய்யுங்கள். மரத்தின் துளைக்குள் இறங்கிய சந்தனத்தை எடுப்பதற்குள் மேற்பூச்சும் சேர்ந்து வந்துவிடும். ஈர மாலை ஒரு ராத்திரி கிடந்தால் கறை நிரந்தரம்.

"மிருதங்கம், 19ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் எழுதுவது

பெயர்ப்பலகையில் இவ்வளவுதான் பல இடங்களில். யார் வாசித்தார்கள் என்றாவது சில சமயம் இருக்கும். யார் செய்தார்கள் என்பது அநேகமாக இருக்காது. தோல் பதப்படுத்தி, வார் இழுத்து, கரணை வைத்துக் கருவிக்கு நாதம் கொடுத்த கைகள், பெரும்பாலும் தலித் குடும்பங்களின் கைகள், சபைக் குறிப்புகளில் இடம்பெறவில்லை. அருங்காட்சியகமும் அதே மௌனத்தைத் தொடரக் கூடாது. கருவி கொடுக்கும் குடும்பத்திடம் முதல் கேள்வியாகவே "இதற்கு யார் மூட்டு போடுவார்கள்?" என்று, அதாவது தோல் கட்டுபவர் யார் என்று கேளுங்கள். ஊர் பெயர் கிடைத்தாலும் எழுதுங்கள். பறையைச் சாவு மேளம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதும் இதே வகைத் தவறு. ஐந்திணைக்கும் தனித்தனிப் பறையும் யாழும் சொல்லும் மரபு நம்முடையது.

யாழ் விஷயத்தில் நேர்மை வேண்டும். சங்க காலத்து யாழ் ஒன்றுகூட நம்மிடம் மிஞ்சவில்லை. இன்று கூடங்களில் இருப்பவை இலக்கியத்தையும் சிற்பத்தையும் வைத்து மீட்டுருவாக்கியவை. அதைப் பெரிய எழுத்திலேயே சொல்லுங்கள், பார்வையாளர் மதிப்பு குறையாது.

வகைப்பாட்டுக்கு மட்டும் கவலை வேண்டாம். 1877இல் தொடங்கிய பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தின் தொடக்கச் சேகரிப்பில், கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய மன்னருக்கு அனுப்பிய நூறளவு இந்தியக் கருவிகளும் உண்டு. அதன் காப்பாட்சியர் விக்டர் மஹியோன், நம் பழைய நால்வகைப் பகுப்பை ஒத்த ஒரு முறையில் அவற்றைப் பிரித்தார். அதை 1914இல் ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்ற இரு இசை ஆய்வாளர்கள் விரித்தார்கள். அந்த உலக முறைக்கான எண்ணையும் எழுதுங்கள், தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்பதையும் எழுதுங்கள். நாகஸ்வரத்தின் உலவு, கெண்டை, அனசு, வீணையின் குதிரை, லங்கர் என்று பாகங்களின் பெயரையும் விடாதீர்கள்.

வருவதை எல்லாம் வாங்கிக்கொள்வது

தந்தமோ மான்கொம்போ இழைத்த வீணையை யாராவது கொண்டுவந்தால் அவசரப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். விலைக்கு வாங்கக் கூடாது. உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து, வனத்துறையிடம் கேட்ட பிறகே அன்பளிப்பாகக்கூட ஏற்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கருவியை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்புவதாக இருந்தால் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும்.

வாய்மொழி அன்பளிப்பு அடுத்த தலைமுறையில் வழக்காகிறது. "பாட்டி வீணை எப்போதும் முன்வரிசையில் இருக்கும்" என்று உணர்ச்சி வேகத்தில் சொன்ன வார்த்தையைப் பேரன் நினைவு வைத்திருப்பார். இரவலா, நிரந்தரக் கொடையா, வைப்பறைக்குள் போகலாமா, வாசிக்கலாமா, பழுதுபார்க்கலாமா என்பதை ஒரே தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கருவி வந்த அன்றே எல்லாப் பக்கமும் படம் எடுத்து, இருக்கும் விரிசலைக் குறித்து, அந்தத் தாளோடு சேர்த்து ஒரு பிரதியைக் குடும்பத்தாருக்கும் கொடுத்தனுப்புங்கள்.