கடை போர்டில் அப்பாஸ்ட்ரஃபி: ‘உடைய’வா, ‘கள்’ளா?

ஆங்கிலத்தில் கடை போர்டு அடிக்கக் கொடுக்கும் முன், சொல்லின் முடிவில் வரும் ‘எஸ்’ஸுக்குத் தமிழில் ‘உடைய’ வருகிறதா, ‘கள்’ வருகிறதா என்று பாருங்கள். ‘உடைய’ என்றால் அப்பாஸ்ட்ரஃபி, அதாவது ‘எஸ்’ஸுக்கு முன்னால் மேலே போடும் காற்புள்ளி போன்ற குறி, உண்டு. ‘கள்’ என்றால் கிடையாது. எம்.சி. ரோட்டில் ‘குமார்ஸ் சாரீஸ்’ என்று கடை வைத்தால், குமாருடைய சேலைகள். குறி குமாருக்கு மட்டும்தான். ஃப்ளெக்ஸ் அடித்த பிறகு திருத்த முடியாது, மறுபடி காசுதான்.

‘விலகித் திரும்புதல்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அப்பாஸ்ட்ரஃபி. எழுத்து விலகிய இடத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டிய ‘இஎஸ்’ விகுதியில் ‘இ’ உதிர்ந்ததால்தான் அங்கே குறி வந்தது.

‘இட்ஸ்’ஸுக்கு இந்த ‘உடைய’ விதி செல்லாது. ‘அதனுடைய’ என்ற பொருளில் குறி வேண்டாம். ‘இட் இஸ்’ சுருங்கினால் அவசியம் போடுங்கள்.